உருப்படி எண் ஒன்பது

விடிகாலை மூன்றே முக்காலுக்கு ஷட்டரைத் தட்டினார்கள்.
சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டுமாம்,
நிரந்தர முகவரி உள்ள ஆள்.
ஜெராக்ஸ் கடைக்குள்ளேயே படுக்கிறவன் நான்.
பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு
தலையாரி சேவுகனோடு ஜீப்பில் ஏறினேன்.

புதுவயல் மில்களுக்கு ராத்திரி கிடையாது.
உமிச் சாம்பல் ஹெட்லைட்டில் ஈசல் மாதிரிப் பறந்தது.

கோலாலம்பூர்க்காரர் வீடு.
முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு.
காவலுக்கு அடைக்கலம் குடும்பம்.
அவர் இடுப்பில் அறுபத்திரண்டு சாவி;
மாதத்துக்கு இரண்டு அறை திறந்தால் அதிகம்.

இரண்டாம் கட்டில் சீர்ச்சாமான் அறை.
எனாமல் தூக்குகளுக்குப் பின்னால் கேன்கள்.
துணி. கத்தி ஒன்று, பிளிப்கார்ட் அட்டை பிரிக்காமல்.
பையனுக்குப் பதினேழு.
பேரை எழுதக் கூடாது என்றார் எஸ்.ஐ. அம்மா.
‘சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்’ என்று
ஒவ்வொரு பக்கத்திலும் எழுதினார் ஏட்டு,
தகப்பன் வைத்த பேர் மாதிரி.

எனக்குத் தெரியும் அவன் பேர்.
ஆதாருக்கு லேமினேஷன் போட்டது நான்.

உருப்படி ஆறு, நோட்டு.
வேதியியல் ரெக்கார்டு எழுதுகிற அதே குண்டு எழுத்து,
தலைப்புக்கு அடியில் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு:
‘மண்ணைத் தின்ன வந்தவர்கள்.’
எஸ்.ஐ. அம்மா சத்தமாக ஆரம்பித்தார்,
இரண்டாம் பக்கத்திலிருந்து மனதுக்குள் படித்தார்.

யாருடா சொல்லிக்கொடுத்தது? நாலு தடவை கேட்டார்கள்.
யாரும் இல்லை.
மொட்டைமாடியில் சிக்னல் கிடைக்கிற ஒரே மூலை,
எந்த ஊர்க்குரலோ எட்டு மாதமாகக்
காதுக்குள் பேசியிருக்கிறது.
அந்தக் குரலுக்கு இவனைத் தெரியவே தெரியாது.

சனிக்கிழமை ராத்திரி என்று குறித்திருந்தான்.
கூலி வாங்கிச் சமைத்துத் தின்று
ஒடிசாக்காரர்கள் அசந்து தூங்கும் நேரம்.
கொட்டகையில் நாற்பத்தொரு பேர்.
கதவு ஒன்று.

நூறுக்கு அடித்தது அடைக்கலம்தான்.
ஒரு சாவி குறைகிறது என்று
இடுப்புக்குத் தெரிந்திருக்கிறது.
மகனை ஏற்றும்போது
‘செருப்பப் போட்டுக்கடா’ என்றார்.
வேறு எதுவும் பேசவில்லை.

உருப்படி ஒன்பது, வரைபடம், இருபது பிரதி.
கொட்டகை, கிணறு, சுவர், கதவு.
வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக
முடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு.

அது அவன் போட்ட கோடு இல்லை.
என் மெஷினில் டிரம் கீறல்,
தை மாதத்திலிருந்து மாற்ற வேண்டும் என்று இருக்கிறேன்.

அன்றைக்குக் கூட்டம். தாளை நான் பார்க்கவில்லை.
முப்பது வருடத் தொழிலில்
தாளைப் பார்ப்பதில்லை என்பதுதான் என் நாணயம்.
நாற்பது ரூபாய். இரண்டு ரூபாய் குறைந்தது.
பின்னால் நின்ற மில் ஆள், நாயக்,
சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான்.
பையன் வாங்கிக் கொடுத்தான்.
முகத்தைப் பார்த்தானா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.
கல்லாவைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேனாவைத் திறந்துவிட்டு மூடினேன்.
‘மேடம், இது என் கடையில் எடுத்தது.’

சேவுகன் என் கையை அழுத்தினார், சும்மா இருய்யா என்று.
எஸ்.ஐ. அம்மா கோபப்படவில்லை.
என் பேர் இருந்த தாளை ஏட்டிடமிருந்து உருவி
நாலாக மடித்தார்.
‘அப்ப இதுல நீங்க சாட்சி இல்ல.
உங்க பேரு வேற தாள்ல வரும்.’
டீக்கடைத் தங்கையாவை எழுப்ப ஆள் போனது.

நடந்தே திரும்பினேன்.
மில் கொட்டகை வாசலில் கொடியில் பனியன்கள்.
யாரோ பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.
அவர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு நாயக் வந்தான்.
ஊருக்குப் பணம் போட ஆதார் நகல்.
கண்ணாடி மேல் வைத்து மூடினேன்.
வெளிச்சம் ஓடி வந்தது.

அவன் முகத்தின் ஓரமாக அந்தக் கோடு.
கசக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தேன்.
அதிலும்.
‘இருக்கட்டும் அண்ணா’ என்று
இரண்டு ரூபாயை வைத்தான்.