ஒரு மீட்டருக்கு ஐந்தரை வினாடி

பகலெல்லாம் கிளமெண்டி கண்ணாடிக் கடையில்
இது தெளிவா, இல்லை இதுவா என்று
பிறர் கண்களைக் கேட்கிறேன்.
இரவில் என் முறை.

சமையல் மேசையில் எதுவும் பதியாத படச்சுருள்,
பதினாறு மில்லிமீட்டர் அகலம்.
கேமரா இல்லை. நடிகர் இல்லை.
ஒரு கட்டம் என் சுண்டுவிரல் நகமளவு.
அதில் நகப்பூச்சுச் சிவப்பு,
வில்லையில் புள்ளி வைக்கும் பேனாவின் பச்சை,
நீலத்துக்கு மட்டும் துணிச்சாயம்.
ஒருமுறை மஞ்சள்தூள் குழைத்துப் பார்த்தேன்,
பூசணம் பூத்தது.
சரி, அதுவும் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மீட்டர் தீட்ட நான்கு இரவு.
திரையில் ஐந்தரை வினாடி.
இரண்டு முறை தும்மினால் போச்சு.

டிசம்பரில் எதுவும் காய்வதில்லை இந்தத் தீவில்.
துணிக்கழியை நீட்டினேன்
பத்தாம் மாடிச் சன்னலுக்கு வெளியே.
சட்டைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து
பதினோரு மீட்டர், ஒரு நிமிடம்
காற்றில் ஆடியது.
மழை சொல்லிவிட்டு வரவில்லை.

காலையில் கதவு தட்டல்.
ஒன்பதாம் மாடி சல்மியா அக்கா,
கையில் படுக்கைவிரிப்பு;
வெள்ளை என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது.
"மேலே என்ன, கணவாய் வளர்க்கிறாயா?"
புதிது வாங்கித் தருகிறேன் என்றேன்.
"அது கிடக்கட்டும். எங்கேயிருந்து ஒழுகியது, காட்டு."
சன்னல் வெளிச்சத்தில் நாடாவைப் பிடித்தேன்.
ஒற்றைக் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார்.
"இதென்ன வாயாங்? ஆளே இல்லையே."

ஜாலான் புசாரில் ஒரு மாடியறை, பதினான்கு நாற்காலி.
வீ கியாட்டின் பழைய புரொஜெக்டர்
தையல் இயந்திரம் போல் கடகடத்தது.
சிவப்பு வந்தது,
பச்சை அதை மிதித்துக்கொண்டு வந்தது,
பூசணம் விண்மீன்களாய் வெடித்தது.
எப்போதோ ஈரத்தில் நடந்துபோன எறும்பு
ஆறு கால் தடத்துடன்
யானை போல் திரையைக் கடந்தது.
பிறகு
மழை தின்ற இடம்.
வெறும் வெள்ளை, நான்கு வினாடி.
மூன்று இரவு.

யாரோ இருமினார்கள்.
நான் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பின்வரிசையில் சல்மியா அக்கா
பக்கத்து நாற்காலிக்காரரிடம்
ரகசியத்தைச் சத்தமாகச் சொன்னார்:
"இந்த இடத்து நீலம் என் வீட்டில் இருக்கிறது."

விளக்கு எரிந்தது. யாரோ அர்த்தம் கேட்டார்கள்.
என்ன சொன்னேனென்று நினைவில்லை.

சனிக்கிழமைதோறும் கீழ்வீட்டுக் கழியில்
அந்த விரிப்பு காய்கிறது.
ஒவ்வொரு சலவைக்கும் நீலத்தின் ஓரம்
கொஞ்சம் உள்வாங்கி,
கொஞ்சம் வடிவம் மாறி.
வாரத்துக்கு ஒரு கட்டம்.
இருபத்து நான்கு வாரம் போனால்
ஒரு வினாடி.

எட்டிப் பார்க்கிறேன்.
இதுவரை பதினேழு.