குளிர்ந்த கைகள்

பந்தை முதலில் தொடுபவன் நான்.
குனிந்து, உலகத்தைத் தலைகீழாகப் பார்த்தபடி
கால்களுக்கிடையே அதைப் பின்னால் தருபவன்.
தொலைக்காட்சியில் என் முகம் வருவதில்லை.
ஆனால் வெண்டல் ஓஸ்ட்ரமின் கைகளை
அவன் மனைவிக்கு அடுத்தபடி அறிந்தவன் நான்தான்.

டிசம்பரில் எரி ஏரி
காற்றைக் கண்ணாடித் தூளாக அரைத்து வீசும்.
அறுபதாயிரம் தொண்டைகள் ஒன்றாகக் கத்தும்.
அந்த இரைச்சலுக்குள்
பந்து வாங்கக் கை நீட்டும் ஒவ்வொரு முறையும்
என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்வான்:
"மன்னிச்சுக்கோ ஃபாலே, கை ஜில்லுனு இருக்கு."
ஓர் ஆட்டத்துக்கு அறுபது மன்னிப்பு.

நல்லவன்.
கேமராக்காரர்கள் வராத நாளாகப் பார்த்துப்
புற்றுநோய்க் குழந்தைகளிடம் போவான்.
சலவை அறை லுப்பேயின் மகன்
அல்ஜீப்ராவில் தேறிவிட்டான் என்பது
அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
மணிக்கட்டு நாடாவின் உட்பக்கம்
யார் கண்ணுக்கும் படாமல் ஒரு வசனம் எழுதியிருப்பான்.
அங்கே எழுதினால் எப்படிப் படிப்பாய் என்றேன்.
"படிக்கறதுக்கு இல்ல. கூட இருக்கறதுக்கு."

ஆனால் அவன் எறிந்த பந்து
நூலறுந்த பட்டம்.
அரை நொடி தாமதம், இரண்டு கெஜம் குறைவு.
ஆளில்லா வெளியில் கைவிரித்து நிற்பான் டெமாரியஸ்.
பந்து போய்ச் சேருவதற்குள்
அவனைச் சுற்றி ஒரு கல்யாணக் கூட்டமே கூடிவிடும்.

காலையில் ஆராதனையில் அவனுக்காகக் கண்மூடியவர்கள்
மாலையில் அவன் அம்மாவை வசைக்கு இழுத்தார்கள்.
அவன் மண்டியிடுவதே பிடிக்காத வேறு சிலருக்கோ
எதிரி கையில் விழுந்த ஒவ்வொரு பந்தும்
கடவுள் இல்லை என்பதற்கு அத்தாட்சி.
பாவம் கடவுள்.
பந்தும் பாவம்தான்.
தோல், கொஞ்சம் தையல், உள்ளே அடைத்த காற்று.
யார் தோளில் தெம்பிருக்கிறதோ
அவன் சொன்னபடி கேட்கும்,
அவன் நேற்றிரவு என்ன செய்தான் என்று கேட்காது.

பெஞ்சில் காத்திருந்தான் டேஷன் ப்ரூசார்ட்.
வயது இருபத்திரண்டு.
பெயர் தெரியாததால் என்னைப் "பெரிசு" என்பான்.
ஹோட்டலில் ஒரு பணிப்பெண்ணை அழவைத்தவன்.
அவன் எறிந்தால்
பந்து சீட்டியடித்துக்கொண்டு போகும்.

பதினோராவது வாரம்
பயிற்சியாளர் கிரப்ஸ்கி கதவைச் சாத்தினார்.
"உன் பின்னால் யார் நிக்கணும்? நீயே சொல்லு."
டக்கோமாவில் ஒரு சமோவா சபை மூப்பரின் மகன் நான்.
பொய் சொன்னால் வாய் கசக்கும் என்று வளர்ந்தவன்.
இன்று ஒருநாள் கசந்தால் கசக்கட்டுமே என்று
நிஜமாகவே நினைத்தேன்.
பிறகு என் இடது முழங்கால் ஞாபகம் வந்தது,
அது தாங்கப்போகும் இன்னும் ஒன்றிரண்டு வருடங்களும்.
"ப்ரூசார்ட்" என்றேன்.
உண்மைதான் சொன்னேன்.
அப்படியும் கசந்தது.

மறுநாள் வெண்டல் லாக்கரைக் காலி செய்துகொண்டிருந்தான்,
குப்பைக் கூடையைக்கூடத் தானே கவிழ்த்தான்.
"உன்னைக் கேட்டாங்களாமே."
தலையசைத்தேன்.
"நானா இருந்தாலும் அவன் பேரைத்தான் சொல்லியிருப்பேன்."
போய்விடுவான் என்று நினைத்தேன்.
போகவில்லை.
ஒற்றை ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.
"எனக்கு விளையாடணும் ஃபாலே.
ஊரெல்லாம் நல்லவன்னு சொல்லும்போது
ஒருநாள் முட்டிபோட்டு என்ன கேட்டேன் தெரியுமா?
இந்த நல்லதுல பாதியை எடுத்துக்கோ,
தோளுல கொஞ்சம் போடுன்னு."
சிரிக்கப் பார்த்தான்.
"பதிலே இல்ல. பேரம்னு நினைச்சிருப்பார்."

இப்போது நாங்கள் ஜெயிக்கிறோம்.
தொடர்ந்து ஐந்து.
நானும் கத்துகிறேன், துள்ளுகிறேன்,
டெமாரியஸைத் தோளில் தூக்குகிறேன்.
அதில் ஒன்றும் பொய்யில்லை.

அடுத்த ஆட்டத்துக்குக் குனிகிறேன்.
ஏரிக்காற்று ஹெல்மெட்டுக்குள் புகுகிறது.
பின்னாலிருந்து இரண்டு கைகள் வருகின்றன,
ஒன்றும் சொல்லாமல்,
கதகதப்பாக.