மிதித்த காலுக்கு ஒரு கை

முதல் நாளே நீ நிலைப்படியை மிதித்தாய், யெர்னேயா.
கோம்போ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
நான் அடுப்பில் இன்னொரு வறட்டியைப் போட்டேன்.
யாரும் எதுவும் சொல்லவில்லை,
ஆனாலும் கூடாரத்துக்குள் ஏதோ மாறியது உனக்குத் தெரிந்துவிட்டது.
நீல நோட்டை எடுத்தாய்.

ஏன் மிதிக்கக் கூடாது என்றாய்.
மிதிக்கிறதில்லை என்றேன்.
அது பதிலே இல்லை என்பதுபோல் பார்த்தாய்.
நாற்பத்தாறு வருடமாகத் தாண்டிப் போகிறேன்,
காலைக் கேட்டால் தெரியலாம்.

இரண்டாம் வாரம்
உங்கள் பண்பாட்டைப் படிக்க வந்திருக்கிறேன் என்றாய்.
சொயோல் என்ற எங்கள் சொல்லை
நாக்கு இடற நீட்டிச் சொன்னாய்.
எனக்கோ சொயோலோன் என்று கேட்டது:
கோரைப்பல் முளைத்த ஐந்து வயதுக் குதிரை.
இதற்கா இவ்வளவு தூரம் என்று நினைத்தபடி
உன்னைக் குதிரை கட்டும் இடத்துக்குக் கூட்டிப்போய்
செம்பட்டையனின் உதட்டை விரித்துக் காட்டினேன்.
நீ குனிந்து, மரியாதையாக,
பல்லை எண்ணிக் குறித்துக்கொண்டாய்.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் சொன்னேன்,
அந்தச் சொல் எனக்கு எப்படிப் பழக்கம் என்று.
அம்மாவிடம் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு இருந்தது.
பண்பாட்டு இயக்கம் என்று ஜீப்பில் வருவார்கள்.
பல் துலக்கும் பிரஷ் எத்தனை, சோப்பு எங்கே,
விரிப்பு வெள்ளையா?
பெட்டியின் அடியில் கிடக்கும் அது.
தொலைவில் ஜீப்பின் புழுதி தெரிந்ததும்
ஆட்டுத்தோலின் மேல் உதறிப் போடுவாள்.
அதில் ஒருவரும் ஒருநாளும் படுத்ததில்லை.
பண்பாடு என்றால் எனக்கு
மடிப்புக் கலையாத அந்தத் துணிதான்,
அதன் அடியில் மூச்சடக்கிக் கிடக்கும் ஆட்டுத்தோல்
அப்போது வேறு ஏதோ பெயரில் இருந்தது.

அன்று நீ நோட்டைத் திறக்கவில்லை.

உங்கள் பக்கத்துப் பழைய மொழியில்
அந்தச் சொல் உழவிலிருந்து வந்தது என்றாய், மெதுவாக.
நாங்கள் மண்ணைக் கீறுவதில்லை என்றேன்.
பூமிக்கு வலிக்கும் என்றுதான்
எங்கள் பூட்ஸின் மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கிறது என்பார்கள்.
என்பார்கள். நான் பார்த்ததில்லை.
நான் போட்டிருப்பது சீன ரப்பர் பூட்ஸ்.
அதையும் எழுதிக்கொள்.

நானும் கேட்காமல் இல்லை.
ஒரு கிண்ணம் தேநீருக்கு ஒரு நன்றி,
பகல் முடிவதற்குள் பதினொன்று.
எண்ணியிருக்கிறேன்.
ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவள்
கிண்ணத்துக்குக் கிண்ணம் கணக்குத் தீர்க்கிறாளே,
நாளைக்கே கிளம்பிவிடுவாளோ என்றிருக்கும்.
ஏன் சொல்கிறாய் என்றேன்.
வாயைத் திறந்தாய், மூடினாய்,
சொல்கிறதுதான் என்றாய்.
இந்த முறை நான் பார்த்தேன் உன்னை அந்தப் பார்வை.

கம்பளத்துக்கு மயிர் அடித்த இரவு
இருட்டில் உன் பூட்ஸ் என் பாதத்தில் பட்டது.
கையை நீட்டினேன்.
எழுந்திருக்க உதவி கேட்கிறேன் என்று
பிடித்துத் தூக்கப் பார்த்தாய் என்னை, அறுபத்தெட்டு கிலோவை.
கால் பட்டால் கை கொடுக்க வேண்டும் என்றேன்.
கொடுக்காவிட்டால்?
கொடுக்காமல் யாரும் இருந்ததில்லையே, எனக்கு எப்படித் தெரியும்.

குளிர்காலத்தில் மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு சிக்னல் வரும்.
அங்கே நின்று உன் செய்தியைப் படித்தேன்.
லுப்லியானாவில் மழை, நெரிசலான பேருந்து,
யாரோ ஒருவரின் காலை மிதித்துவிட்டாய்.
யோசிப்பதற்குள் உன் கை நீண்டுவிட்டது.
ஒரு கையில் குடை, மறு கையில் ரொட்டிப் பை,
அவர் உன் கையைப் பார்த்தாராம், உன்னைப் பார்த்தாராம்.
பிறகு பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கையைக் கொடுத்தாராம்.
அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கியும் போய்விட்டாராம்.
அது அவருடைய நிறுத்தம்தானா என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய்.
விரல் விறைத்துவிட்டது, பதில் போடவில்லை.

இங்கே ஒரு செய்தி.
நேற்று நரன்சுல் தேநீரை வாங்கிக்கொண்டு
நன்றி என்றாள் என்னிடம்.
கோம்போ சட்டென்று
கதவைத் திரும்பிப் பார்த்தான்,
யார் வந்திருக்கிறார்கள் என்று.