இரண்டு புள்ளி, ஒரு கோடு

மைனஸ் பதினெட்டு.
அத்-பாஷியில் பட்டறைக் கதவைச் சாத்தினாலும்
இரும்பை விட்டுக் குளிர் போவதில்லை.

சகின்பாயின் காமாஸ். காராகெச்சே கரி வண்டி.
முன் அச்சைக் கட்டைமேல் ஏற்றி
டயருக்கடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினால்
சக்கரம் தலையாட்டுகிறது,
கேட்காத கேள்விக்கும் ஆமாம் போடுகிறவனைப் போல.

"நாற்பதைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குது எஜே."
"கையா, வண்டியா?"
சிரித்தான். உப்புத் தயிர் உருண்டை ஒரு பிடி
ஸ்பேனர்களுக்கு நடுவே வைத்துவிட்டு
கேபினில் ஏறித் தூங்கிப்போனான்.

இடது கிங் பின் நல்லவன்.
ஆப்பைத் தட்டி எடுத்ததும் நாலே அடியில்
கிரீஸ் மினுங்கும் முதுகோடு இறங்கி வந்தான்.

வலது வரவில்லை.
மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தேன். வரவில்லை.
அச்சுக் கண்ணுக்குத் தீ காட்டினேன்,
சிவக்குமுன் நிறுத்தினேன். வரவில்லை.
எட்டுக் கிலோ சம்மட்டி.
கம்பியைப் பிடித்திருக்கும் மெலிஸ்
ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடிக்கொள்கிறான்.
நான் மூட முடியாது.

முப்பத்தோராவது அடியில் ஒரு பார்லி மணியளவு அசைந்தது.
பிறகு மொத்தமும் பெயர்ந்து தரையில் விழுந்தது,
செங்கல் தூள் உதிர்த்துக்கொண்டு.
சொட்டு ஈரமில்லை.

சோம்பேறிப் பயல், கிரீஸே அடிக்கவில்லை
என்று வாயெடுத்தேன்.
நிப்பிளைத் துடைத்தேன்.
உள்ளே புதுக் கிரீஸ்,
சுவரில் முட்டி நின்றுகொண்டிருந்தது.

புஷ்ஷை உருவி விளக்கடியில் திருப்பினேன்.
துளை கால்வட்டம் தள்ளி இருக்கிறது.
விளிம்பில் உளியால் போட்ட குறி:
இரண்டு புள்ளி, ஒரு கோடு.

இந்தச் சாலையில் அந்தக் குறி
வேறு யாரும் போடுவதில்லை.

மூன்று குளிர்காலம்.
கணவாயின் அத்தனை வளைவிலும் பன்னிரண்டு டன் கரியோடு
என் அவசரத்தை உலர உலரத் திருப்பியிருக்கிறான்.

மெலிஸ் தேநீருக்குப் போயிருந்தான்.
உலைத் தொட்டி ஓரடி தூரம்.
புஷ் உள்ளங்கையில் அடங்கியது.

புதியதை இறக்கினேன். துளைக்குள் தீக்குச்சி விட்டு
மறுபக்கம் வருகிறதா என்று இருமுறை பார்த்தேன்.
ரீமர், ஷிம், ஆப்பு.
மேலும் கீழும் பிதுங்கும்வரை கிரீஸ்.

விடியலில் எழுந்து வந்து
எல்லா ஓட்டுநரும் கேட்பதைக் கேட்டான்:
"பழசைக் காட்டு."

குறி மேலே தெரிய அவன் கையில் வைத்தேன்.
அவனுக்கு அது வெறும் கீறல்.
"என் குறி," என்றேன். "துளையை மாற்றிப் போட்டது நான்."

தயிர் உருண்டை ஒன்றை எடுத்து வாயிலிட்டான்.
அது கரைய நேரமாகும்.

"இடது பக்கமும் நீதானே போட்டாய்?"
"நான்தான்."

புஷ்ஷைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
சாவியைக் கேட்டான்.