மெழுகுக் கணக்கன் சொன்னது

எழுதிக்கொள்ளுங்கள்.
பெயர் ஆங்கெரான்.
இருபத்திரண்டு ஆண்டுகள்
அரண்மனை மெழுகுக்குக் கணக்கு எழுதியவன்.
புனிதம் பற்றி எனக்குத் தெரியாது, ஐயா.
எடை தெரியும்.

அரசி எர்சாந்த் வந்தபோது பதினாறு வயது.
உவாஸ் ஆறு உறைந்திருந்தது.
பனிவண்டியை விட்டிறங்கி நடந்தே வந்தாள்,
செருப்பெல்லாம் ஈரம்.
நம் மொழியில் ஒரே ஒரு சொல் வைத்திருந்தாள்: நன்றி.
கதவு திறந்தவனுக்கும் நன்றி,
முகம் சுளித்த மாமியாருக்கும் நன்றி.
செபம் மட்டும் தன் மொழியில்.
வடகடல் மொழி அது,
தொண்டைக்குள் கூழாங்கல் உருளும்.
ஆண்டவருக்கு அது புரியுமா என்று
சமையற்கட்டில் பந்தயம் கட்டினார்கள்.
நானும் இரண்டு காசு வைத்தேன்,
புரியாது என்று.

அவள் சிற்றாலயத்துக்கு
வாரம் நான்கு ராத்தல் தேன்மெழுகு.
முதல் மகன் பிறந்ததும் அரசர் பன்னிரண்டு ஆக்கினார்.
அவன் போனபோதும் குறைக்கச் சொல்லவில்லை,
மறந்துவிட்டார்.
மூன்றாவது பிள்ளையையும் மண் கேட்டு வாங்கிக்கொண்டபோது
அவளிடமிருந்து சீட்டு வரவில்லை.
ஒரு வாரம். இரண்டு. நாற்பது நாள்.
'இல்லை', 'இல்லை' என்று எழுதி
என் கை கூசியது.
விசுவாசத்தை விட்டுவிட்டாள் என்றார்கள்.
அரசர் அந்த நேரம் பார்த்து வேட்டைக்குப் போனார்.
எந்தக் காட்டுக்கு என்று எல்லோருக்கும் தெரியும்,
அந்தக் காட்டுக்கு மஞ்சள் கூந்தல்.

நான் போய்ப் பார்த்தேன்.
பக்தியால் அல்ல, எரிந்த கட்டைகளை எண்ண.
இருட்டு. முதலில் மூச்சுதான் கேட்டது.
கல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்,
சந்தைக்கு நடந்து களைத்தவளைப்போல.
"விளக்கு வேண்டாம், ஆங்கெரான்.
அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனமில்லை.
ஆனால் அவர் வந்தால்
நான் இல்லாமல் போகக்கூடாது."
பிழையே இல்லாமல்
நம் மொழியில் சொன்னாள்.

நாற்பத்தோராம் நாள் சீட்டு வந்தது.
ஒரு வர்த்தி, அதுவும் ஆட்டுக்கொழுப்பில் செய்தது,
சலவைக்காரிகள் வீட்டில் ஏற்றுவது.
சாகும்வரை அதுதான், அந்த நாற்றம்தான்.
மிச்சத் தேன்மெழுகு எங்கே என்று ஆயர் கேட்டாராம்.
தொழுநோயாளர் விடுதிக்கு, புண்ணுக்குப் பூச.
கைச்சீட்டு இருக்கிறது.

சரி, அந்த அற்புதத்துக்கு வருவோம்.
உடல் கிடந்த மூன்று இரவும்
தலைமாட்டு மெழுகுவர்த்தி உருகவே இல்லை என்று
ஊர் சொல்கிறது. நேரில் பார்த்தவர்கள்
சத்தியம் செய்கிறார்கள்.
ஐயா, மாற்றியது நான்.
கட்டைவிரல் அளவுக்கு இறங்கும்போதெல்லாம்
குனிந்து புதிது நட்டேன்.
பதினொரு வர்த்தி, முதல்தரத் தேன்மெழுகு.
அரண்மனைக் கணக்கில் தேடாதீர்கள்,
என் சொந்தக் காசு.
பந்தயத்தில் தோற்றவன்
கடனைக் கட்டினான். வட்டியோடு.

ஆனால் ஒன்று.
அத்தனை பேர் கண்கொட்டாமல் விழித்திருந்தும்
ஒருவர்கூட என் கையைப் பார்க்கவில்லை.
அற்புதம் வேண்டுமென்றால்
அதை எழுதிக்கொள்ளுங்கள்.