பதிவேட்டில் ஒரு கட்டம்

மிலாத்சோவில் சண்டை ஓய்ந்த மறுநாள்
தேவாலயத்துப் பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டு
வைக்கோல் பரப்பினோம்.
இரண்டாம் ஆண்டு மாணவன், கை நடுங்கும் என்று
எனக்குக் கத்தி தரவில்லை.
பதிவேடு தந்தார்கள்.
பெயர். வயது. காயம். நாடு.

முதல் இரண்டைக் கேட்டு எழுதினேன்.
காயம் கேட்காமலே பேசியது.
நான்காவது கட்டத்தில் பேனா நின்றது.

பெர்கமோ, என்றான் பட்டாலைப் பையன் போர்த்தொலோ,
இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாதவன்.
அது ஊரப்பா, நாடு எது என்றேன்.
பெர்கமோதான், என்றான் மறுபடி,
அவன் தாயை நான் சந்தேகித்துவிட்டதுபோல.
அடுத்தவன் ஜெனோவா.
அதற்கடுத்தவனுக்குத் தாடையில்லை.
அவன் தொண்டையில் எழுந்ததை
ஏதோ ஓர் ஊர்ப்பெயராக எடுத்துக்கொண்டு
கோடு போட்டேன்.
தூணோரம் காந்தோல்ஃபோ, மலையில் ஆடு மேய்ப்பவன்,
இந்தத் தீவிலேயே பிறந்தவன்,
நாடா, கிலோ என்ன விலை என்பதுபோல் பார்த்தான்.
நிலத்தை எப்போது பிரித்துத் தருவார்கள்
என்று மட்டும் கேட்டான்.
அதற்கு என் ஏட்டில் கட்டம் இல்லை.

போர்த்தொலோவின் சட்டைப்பையில் ஒரு துண்டுத்தாள்,
வியர்வையில் ஊறி எட்டாக மடிந்தது.
கடலுக்கு அப்பால் மூடுபனி ஊரில்
நாடுகடத்தப்பட்ட ஒருவர் எழுதியது.
(கடத்தப்படுவதற்கு
நாடு என்று ஒன்று அப்போது இருந்ததா என்ன?)
இவனுக்கு வாசிக்கத் தெரியாது.
ஆலையில் யாரோ வாசித்தார்களாம்,
இயந்திர இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்ததாம்.
பாதிக்கே ஒரு கால் போயிற்று.

டூரினில் ஒரு மந்திரி,
கனவுகூடப் பிரெஞ்சில்தான் காண்பார் என்று
எங்கள் கல்லூரியில் கேலி பேசுவோம்.
தளபதியை நான் கண்டதோ வெறும் தூசியாக,
ஓடுகிற தூசி, அதன் நடுவில் சிவப்பாக ஏதோ ஒன்று.
இவர்களுக்குள் ஒருவரையொருவர் ஆகாது என்பார்கள்.
இருக்கலாம்.
ஆனாலும் ஒரே சொல்லைத்தான்
ஆளுக்கொரு திசையில் நின்று கூப்பிட்டார்கள்,
கூப்பிட்ட சத்தத்துக்கு
ஒருவன் பேச்சு மற்றவனுக்குப் புரியாத பயல்கள்
ஒரே வைக்கோலில் வந்து படுத்திருக்கிறார்கள்.

பிற்பகலில் அக்ரிப்பினா வண்டி தள்ளி வந்தாள்.
தர்ப்பூசணி.
அங்கூரியா! என்று எழுந்து உட்கார்ந்தான் போர்த்தொலோ.
கொகோமெரோ என்று திருத்தினேன் நான்,
பிஸ்தோயாக்காரன், படித்தவன் வேறு.
அவள் இருவரையும் முறைத்தாள்.
முலூனி, என்றாள். பழம் அவளுடையது.

பலிபீடத்துப் படியில் வைத்துப் பிளந்தாள்.
பச்சை, வெள்ளை, சிவப்பு.
கொடி! என்றான் ஜெனோவாக்காரன்.
அவன் சொன்னதை நான் எனக்குத் தெரிந்தபடி சொல்ல,
அதை இன்னொருவன் தன் ஊர்ப் பேச்சில் சொல்ல,
சிரிப்பு படுக்கை படுக்கையாகத் தாவிப் போனது.
கடைசிப் படுக்கையை எட்டுமுன்
பழம் தீர்ந்துவிட்டது.

காந்தோல்ஃபோ சிரிக்கவில்லை.
அவரவர் துப்பிய விதைகளை
வைக்கோலில் தேடித் தேடிப் பொறுக்கினான்.
தாள் கிடைக்குமா என்று கையால் கேட்டான்.
போர்த்தொலோ யோசித்தான்,
பையிலிருந்து அந்தத் துண்டுத்தாளை எடுத்துக் கொடுத்தான்.
பொட்டலம் நன்றாகவே வந்தது.

இரவு, ரத்தம் காயாத கையோடு
தலைமை மருத்துவர் ஏட்டைப் புரட்டினார்.
இதென்ன, ஊர்க் கணக்கா எடுக்கிறாய்?
எல்லாவற்றையும் அடி, ஒரே சொல்லை எழுது.
மெழுகுவத்தி அடியில் உட்கார்ந்து
அறுபத்தேழு முறை எழுதினேன்.
நாற்பதாவதில் கை வலித்தது.
கோடு போட்டிருந்த இடத்திலும் எழுதினேன்,
அவன் மாலையிலேயே போய்விட்டிருந்தான்.

போர்த்தொலோவின் வரி வந்தபோது
அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.
காந்தோல்ஃபோ விழித்திருந்தான்.
என்ன சொல் அது என்றான்.
இத்தாலியா, என்றேன்.
சொல்லிப் பார்த்தான். சரியாக வரவில்லை.
வாயில் ஒரு விதை.
அதை எடுத்துப் பொட்டலத்துக்குள் போட்டுவிட்டு
இன்னொரு முறை சொன்னான்.