முட்டிவலி என்று சொல்லிக்கொள்கிறேன்

காலை ஐந்தே முக்கால்.
ஈசூனில் எங்கள் புளோக்கின் மின்தூக்கி
காலியாகத்தான் நிற்கிறது.
நான் படிக்கட்டில் இறங்குகிறேன், மூன்று மாடி.
உடம்புக்கு நல்லது என்பதால் அல்ல.
உள்ளே ஒரு கண்ணாடி பதித்திருக்கிறார்கள்.
பழைய மாத்திரைகள் உயிரைத் தந்துவிட்டு
கன்னத்துச் சதையைக் கூலியாக எடுத்துக்கொண்டன.

தொண்ணூற்றெட்டில் எனக்கு முப்பத்தேழு.
எத்தனை வருடம் என்று எவரும் சொல்லவில்லை.
சொல்லாததை நான் கேட்டுக்கொண்டேன்.
அந்தத் தீபாவளிக்குத் தேக்காவில்
இருப்பதிலேயே மலிவான செருப்பைப் பொறுக்கினேன்.
தேய்வதற்குள் போய்விடுவேன் என்று கணக்கு.
பிடுங்கிய கடைவாய்க்குப் பல் கட்டவில்லை.
என்னைக் கேட்டவளையும் கட்டிக்கொள்ளவில்லை.
செருப்பு தேய்ந்தது.
அடுத்ததும் தேய்ந்தது.
பஸ் பணிமனையில் என்னோடு எஞ்சின் பிரித்தவர்களில்
மாரடைப்பில் இருவர், புற்றில் ஒருவர்,
வரிசை தாண்டிப் போனார்கள்.
கிழவனாவதற்கென்று
ஒரு வெள்ளிகூட நான் எடுத்து வைத்ததில்லை.

"கிருமி கருவிக்கே தட்டுப்படவில்லை, அங்கிள்.
இனி நாற்காலிதான் உங்க எதிரி"
என்றாள் மிஸ்ஸி தர்ஷாயினி.
எலும்பு மெலிகிறதாம், சர்க்கரை எட்டிப் பார்க்கிறதாம்.
தாள் ஒன்று தந்தாள்,
அதில் ஒருவன் சிரித்தபடி குந்தி எழுகிறான்.
தலையாட்டிவிட்டு வந்து
மூன்று மாதம் அந்த எதிரியின் மடியிலேயே இருந்தேன்.
சாகப் பழகியவனைத்
திடீரென்று பத்து முறை குந்தி எழு என்றால்
எதற்கு என்றுதானே கேட்பான்?

பழைய செய்தித்தாள் கட்டோடு ஒருநாள் கீழே போனேன்.
உடற்பயிற்சி மூலையில்
மிதித்துக்கொண்டே ரொக்கையா கேட்டார்,
"என்ன பாங், முட்டியா?"
"முட்டிதான்" என்றேன்.
தங்கையிடம் வைட்டமின் மாத்திரை,
மேலாளரிடம் ஈரல் கோளாறு,
கோயிலில் விரதம் என்று சொல்லித் திரிந்தவன்
இருபத்தேழு வருடத்தில்
தன் உடம்பைப் பற்றி வெளியே சொன்ன முதல் உண்மை.
அவ்வளவுதான், கூடிவிட்டார்கள்.
கோடரித் தைலம் என்றார் ஒருவர், வெந்தயம் என்றார் இன்னொருவர்.
பூன் டெக் காற்சட்டையைச் சுருட்டி
அறுவைத் தழும்பைக் காட்டினார்.
பிறகு என் முட்டியைக் கட்டைவிரலால் அழுத்தி
"இங்கேயா? இங்கேயா?" என்றார்.
கையுறை இல்லாத விரல்.
வலிக்கும் இடம் வந்த பிறகும்
இன்னும் கொஞ்சம் தள்ளி, என்றேன்.

அதற்காகத்தான் போகிறேன்.
முதல் நாள் மூன்று முறை, மாதக் கடைசியில் எட்டு.
தொடை நடுங்கும்போது பழைய காய்ச்சல் இரவுகள் வரும்.
ஆனால் இந்த நடுக்கம்
உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது.
எச்.ஐ.வியை அவர்களுக்குச் சொல்வேனா, தெரியாது.
வலியில்லாத நாளிலும் கொஞ்சம் நொண்டுகிறேன்.
மழை பெய்தால் போவதில்லை,
வீரமெல்லாம் கிடையாது.

போன மாதம் மருந்து வாங்கும் இடத்தில்
தொப்பியைக் கண்வரை இறக்கிய என் வயதுக்காரர்.
அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை,
அதுதான் மரியாதை.
நாற்காலிக் கையை ஊன்றி எழுந்த விதத்தில் தெரிந்தது,
அவருக்கு இடது முட்டி.
வாய்வரை வந்தது.
எண்ணை அழைத்தார்கள், போய்விட்டார்.

பூன் டெக் ஹொக்கியனில் எண்ணுகிறார்.
மூன்றுக்குப் பின் ஐந்து.
பதின்மூன்றுக்குப் பின் பதினைந்து.
நாலு என்பது சாவு போல ஒலிக்குமாம்,
வாயில் எடுக்கமாட்டார்.
அவருடைய இருபது பதினெட்டுதான்.
எல்லாரும் எழுந்து கோப்பிக் கடைக்கு நடக்கையில்
புதுக் காலணியின் கயிற்றைக் கட்டுகிறவன்போல் பின்தங்கி
விட்டுப்போன இரண்டையும்
நான் போட்டுவிட்டு வருகிறேன்.